முகம் அகலமா இருக்கறதுக்கு எலும்பு தான் காரணமா?

கன்னத்து எலும்பையும் தாடை எலும்பையும் செதுக்கி முகத்த ஒல்லியாக்கற ஆபரேஷன் பண்ணிக்கலாமானு ரொம்ப நாளாவே யோசிச்சிட்டு இருக்கேன். இத யார்கிட்டயாவது சொன்னா ரெண்டே பதில் தான் வருது, ஒண்ணு "ஆண்டவன் குடுத்த முகத்துல கத்தி வைக்கலாமா"னு அட்வைஸ், இல்லன்னா "கொரியாவுல எல்லாரும் பண்றாங்களாம், ஒண்ணும் ஆவாது பண்ணிக்கோ"னு தைரியம். எலும்ப எங்க வெட்டுவாங்க, அதுக்கு பக்கத்துல என்ன ஓடுது, வெட்டுன பிறகு மேல இருக்கற தோல் என்ன ஆகும்னு ரெண்டு தரப்புமே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. அத நானா தேடிப் படிச்சு, டாக்டருங்கள பாத்து, திரும்பத் திரும்ப கேட்டு தெரிஞ்சிக்க வேண்டி இருந்துச்சு. தமிழ்ல தேடுனா எனக்கு கண்ணுல பட்டதெல்லாம் முன்னாடி பின்னாடி போட்டோ போட்ட கிளினிக் விளம்பரம் தான், அதனால எனக்கு தெரிஞ்ச வரைக்கும் இங்க எழுதி வைக்கறேன்.

நான் தருமபுரி மாவட்டம், காரிமங்கலம் பக்கம். வேலை கிருஷ்ணகிரில, ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி லேப்ல. எங்க அப்பா வழியில எல்லாருக்கும் ஒரே தாடை. அப்பா, பெரியப்பா, அத்தைனு வரிசையா நிக்க வச்சு பாத்தா காதுக்கு கீழ அந்த மூலை எல்லாருக்கும் அப்படியே வெளிய தள்ளிட்டு இருக்கும். அப்பாவுக்கு அது மீசையோட சேந்து கம்பீரமா இருக்கும். அதே தாடை எனக்கு வந்தப்போ, பொண்ணு பாக்க வந்த ஒரு அம்மா காபிய குடிச்சிட்டே "பொண்ணு நல்ல லட்சணம், முகவெட்டு தான் கொஞ்சம் ஆம்பள ஜாடை"னு எங்க அம்மாகிட்ட சொல்லிட்டு போனாங்க. அந்த இடம் அமையலன்னு எனக்கு வருத்தமே இல்ல. ஆனா அந்த வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே, ஸ்கூல்ல இருந்தே, முடிய காதோரமா ரெண்டு பக்கமும் எறக்கி விட்டுக்கறதும், போட்டோ எடுத்தா எப்பவும் முகத்த சாய்ச்சுக்கறதும் எனக்கு பழக்கமா இருந்துச்சு. யாரோ சொன்னதால வந்த ஆசை மட்டும்னு இத ஒதுக்கிட முடியாது, என் கண்ணுக்கே அது உறுத்துது.

இந்த ஆசைய தப்புன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு கேக்கறதுக்கு ஒண்ணு இருக்கு. எங்க தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, எங்க ஊருங்கள்ல எத்தனையோ போர்ல அதத் தாண்டி தான் இருந்துச்சு. சின்ன வயசுல பல்லு ஈறுக்குள்ள உருவாகற காலத்துல அந்த தண்ணிய குடிச்சா பல்லு மொளைக்கும்போதே வெள்ளையா திட்டுத் திட்டா வந்து, அப்புறம் அதுல காவி நெறத்துல பட்டை பட்டையா கறை ஏறும், எந்த பேஸ்ட் போட்டு தேச்சாலும் போகாது. அதுக்காகவே தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்துச்சு, 2013ல தொறந்தாங்க, ஆனா ஏற்கனவே மொளைச்ச பல்லுக்கு அது என்ன பண்ணும். எங்க சித்தி சிரிக்கும்போதெல்லாம் முந்தானைய எடுத்து வாய மூடிட்டு தான் சிரிப்பாங்க, கல்யாண ஆல்பம் முழுக்க ஒதட்ட இறுக்கி மூடிட்டு நிப்பாங்க. அவங்க முன் பல்லுக்கு கேப் போட்டுக்கிட்டப்போ சொந்தத்துல ஒருத்தர் கூட "ஆண்டவன் குடுத்த பல்லு"னு சொல்லல, நல்லதாச்சுன்னு தான் சொன்னாங்க. பல்லுக்கு நியாயமா தெரியற ஆசை தாடைக்கு மட்டும் ஏன் திமிரா தெரியுது? முகத்த மாத்திக்கணும்னு நெனைக்கறவங்கள மட்டமா பேசறத முதல்ல நிறுத்தணும், அப்படி பேசிப் பேசி தான் பொண்ணுங்க யாருக்கும் தெரியாம காசு சேத்து, யார்கிட்டயும் கேக்காம, விளம்பரத்த மட்டும் நம்பி போய் படுக்கறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். முகம் அகலமா தெரியறதுக்கு எலும்பு ஒரு காரணம் தான். கடிக்கற தசை பெருத்திருக்கலாம், கன்னத்து கொழுப்பா இருக்கலாம், காதுக்கு முன்னாடி இருக்கற எச்சில் சுரப்பி வீங்கியிருக்கலாம், ஒடம்பு எடை கூடியிருக்கலாம். எது காரணம்னு தெரியாம எலும்புல கைய வைக்கறது தான் நடக்கக்கூடாத தப்பு. நான் பெங்களூர்ல ஒரு முகத்தாடை சர்ஜன பாத்தேன் (எங்க பக்கம் எல்லாரும் கொஞ்சம் பெரிய வைத்தியம்னா ஓசூர் தாண்டி அங்க தான போறோம்). அவர் கத்தி பேச்சே எடுக்கல. எனக்கு முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து, ரெண்டு தாடை மூலையிலயும் விரல வச்சு "பல்ல நல்லா இறுக்கி கடிங்கம்மா"ன்னார், கடிச்சேன், "விடுங்க"ன்னார், விட்டேன், மறுபடி கடிக்கச் சொன்னார். அப்புறம் என் விரல எடுத்து அதே எடத்துல வச்சு கடிக்கச் சொன்னார். கடிச்சதும் விரலுக்கு கீழ கெட்டியா ஒரு உருண்டை எழும்புச்சு, விட்டதும் அமுங்கிடுச்சு. வலது பக்கம் இடது பக்கத்த விட நல்லாவே பெருசு. இவ்ளோ வருஷமா எலும்புன்னு நான் நெனச்சிட்டு இருந்ததுல ஒரு பங்கு அசையுது, எழுந்து அடங்குதுன்னு அன்னிக்கு தான் என் விரலுக்கே தெரிஞ்சுது.

அது மாசெட்டர்ன்ற தசை, நாம மெல்லறதுக்கு இருக்கறது. அது ஏன் பெருக்குதுன்னா, சில பேருக்கு பிறவியிலயே அப்படி, சில பேருக்கு வெத்தல பாக்கு, சூயிங்கம்னு ஓயாம மெல்லறதால, நெறைய பேருக்கு தூக்கத்துல பல்ல கடிக்கறதால. டாக்டர் ஒரு சின்ன கண்ணாடிய குடுத்து என் கோரப்பல்ல பாக்கச் சொன்னார். கூரா இருக்க வேண்டிய முனை தேஞ்சு தட்டையா, மேல ஒரு பளபளப்போட இருந்துச்சு. காலையில எழுந்தா தாடை வலிக்குதா, தலை பாரமா இருக்கான்னு கேட்டார். ஹாஸ்டல்ல கூட தங்கற அக்கா "நைட்டெல்லாம் நறநறன்னு கடிக்கறடி, பயமா இருக்கு"ன்னு எத்தன தடவ சொல்லியிருக்காங்கன்னு அப்ப தான் ஞாபகம் வந்துச்சு. சீசன் நேரத்துல வேலை டென்ஷன் ஏறுனா இன்னும் அதிகமாம்.

அப்புறம் போட்டோ. நான் கையோட கொண்டு போனது என் சித்தப்பா பையன் கல்யாணத்துல எடுத்த போட்டோ, அதுல தான் முகம் ரொம்ப அகலமா இருக்கும். காவேரிப்பட்டினத்துல ஸ்டுடியோ வச்சிருக்கற எங்க மாமா பையன்கிட்ட இத காட்டுனப்போ அவன் சொன்னது எனக்கு புதுசு. தூரத்துல நின்னு ஜூம் லென்ஸ்ல எடுத்தா முகம் தட்டையாகி அகலம் கூடுன மாதிரி தெரியுமாம், கைய நீட்டி எடுக்கற செல்ஃபில மூக்கு பெருசாகி காதும் தாடையும் பின்னாடி ஒதுங்கி முகம் ஒல்லியா தெரியுமாம், அதே ஃபோன்ல வைட்ல குரூப்பா எடுக்கும்போது ஓரத்துல நிக்கறவங்க முகம் பக்கவாட்டுல இழுத்துக்குமாம். அதனால எந்த போட்டோவ வச்சும் எலும்ப வெட்டற முடிவ எடுக்க கூடாதுன்னு நான் கண்டிப்பா சொல்வேன். சர்ஜன் ஒரே தூரத்துல, ஒரே வெளிச்சத்துல, நேரா, ரெண்டு சைடு, முக்கால் பக்கம்னு எடுக்கற போட்டோ வேற.

இனி ஆபரேஷன். முகத்த ஒல்லியாக்கறதுன்னு ஒரே பேர்ல சொன்னாலும் அதுக்குள்ள மூணு வேற வேற வேலை இருக்கு. காதுக்கு கீழ இருக்கற தாடை மூலைய வெட்டி எடுக்கறது ஒண்ணு. மோவாய குறுக்கால வெட்டி நடுவுல ஒரு துண்ட எடுத்துட்டு மீதிய நெருக்கி டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு பூட்டறது ஒண்ணு. கன்னத்தெலும்ப ரெண்டு எடத்துல வெட்டி உள்பக்கமா தள்ளி வைக்கறது ஒண்ணு. முதல் ரெண்டையும் சேத்து செய்யறத தான் கொரியாவுல இருந்து வர்ற வீடியோல எல்லாம் வி லைன்னு காட்டறாங்க. முழு மயக்கம் குடுத்து, தாடை வேலைய பெரும்பாலும் வாய்க்குள்ள கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல கிழிச்சு தான் பண்றாங்க, வெளிய தழும்பு தெரியாம இருக்கறதுக்காக. கன்னத்தெலும்புக்கு காதோரம் கிருதா பக்கத்துலயும் சின்னதா ஒரு வெட்டு வைப்பாங்க.

தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, எல்லாத்தயும் விட இது தான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. முழு தாடையும் ஒரே படத்துல விழற ஓபிஜி எக்ஸ்ரேன்னு ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க, அத லைட்டு மேல மாட்டிட்டு டாக்டர் பேனா மூடியால ஒரு கோடு காட்டுனார். கடவாப்பல்லுக்கு கீழ எலும்புக்குள்ளயே ரெண்டு மெல்லிசான வெள்ளக் கோட்டுக்கு நடுவுல கருப்பா ஒரு சுரங்கம் மாதிரி ஓடி, முன் கடவாப்பல்லுக்கு கீழ ஒரு ஓட்டை வழியா வெளிய வருது. கீழ் ஒதடு, மோவாய், கீழ் ஈறு, அங்க தொட்டா தெரியறது எல்லாம் அந்த நரம்பால தான். எலும்ப ஓரமா சீவும்போது ரம்பம் அதுக்கு கிட்ட போனாலோ, சதைய விலக்கி புடிக்கும்போது அது இழுபட்டாலோ ஒதடு மரத்துப் போகும். நெறைய பேருக்கு வாரக்கணக்குலயோ மாசக்கணக்குலயோ திரும்ப வந்துடும், சில பேருக்கு கொஞ்சம் மரமரப்பு கடைசி வரைக்கும் நிக்கும். நான் "ஒதடு ஆடாம போயிடுமா"ன்னு கேட்டேன், இல்லம்மா, அசைவுக்கு வேற நரம்பு, அதுவும் தாடை ஓரமா தான் போகுது, அதுல அடிபடறது அபூர்வம், ஆனா இது உணர்ச்சிக்கான நரம்பு, சாப்பிடும்போது ஒதட்டுல சோறு ஒட்டியிருந்தா உங்களுக்கு தெரியாதுன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துல நான் அப்படியே நின்னுட்டேன். என் வேலையே ஸ்பூன ஒதட்டுல வைக்கறது. பெங்களூரா ரக மாம்பழக் கூழுக்கும் அல்போன்சா கூழுக்கும் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பாக்க மெஷின் இருக்கு, புளிப்பு பாக்க டைட்ரேஷன் இருக்கு, ஆனா நார் தட்டுதா, அடிபுடிச்ச வாடை இருக்கா, வழவழப்பு சரியா இருக்கான்னு கடைசில வாயில வச்சு தான் சொல்றோம். ருசி நாக்குல தான், அந்த நரம்பு வேற, அது எனக்கு தெரியும். இருந்தாலும் கூழ் ஒதட்ட தொட்ட நொடியிலயே பாதி தெரிஞ்சிடும். அழகுக்காக அத பணயம் வைக்கறதா வேணாமான்னு யோசிச்சா மனசு ஒரு பக்கமா சாயுது. வேற வேலைல இருக்கறவங்களுக்கு வேற எதாவது இருக்கும், நாதஸ்வரம் வாசிக்கறவங்க, பாடறவங்க இத இன்னும் நல்லா யோசிக்கணும்.

அடுத்தது தோல். எலும்பு குறைஞ்சா மேல இருக்கற சதையும் தோலும் அதே அளவு தான் இருக்கும், அது தானா சுருங்கி ஒட்டிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. சின்ன வயசுல ஓரளவுக்கு சேந்துக்கும், வயசு ஏற ஏற தொங்கறது அதிகம். கன்னத்தெலும்புல இது இன்னும் மோசம், ஏன்னா அந்த மாசெட்டர் தசை மேல புடிச்சிட்டு இருக்கறதே கன்னத்தெலும்புல தான், வெட்டுன எலும்பு சரியா சேராம இருந்தா மெல்லும்போதெல்லாம் அந்த தசை அத கீழ இழுக்கும், கன்னம் எறங்கும், சில பேருக்கு எலும்பு கூடாமலே போயிடும். தாடை மூலைய அளவுக்கு மீறி எடுத்தா காதுல இருந்து மோவாய் வரைக்கும் ஒரே சரிவா, மூலையே இல்லாம போயிடும், அத திரும்ப கட்டறது எடுக்கறத விட கஷ்டம். வீக்கம் முதல் வாரம் பயங்கரமா இருக்கும், மெயினான வீக்கம் வடியவே சில வாரம், உண்மையான வடிவம் தெரிய ஆறு மாசம் ஒரு வருஷம்னு ஆகும். சாப்பாடு கொஞ்ச நாளைக்கு தண்ணியா தான், அதுக்கப்புறமும் மெத்துன்னு. அம்மா இத கேட்டுட்டு "களிய கூட கூழா கரைச்சு தான் குடிப்பியா"ன்னாங்க.

கொரியாவ பத்தி பேசறவங்க இதயும் தெரிஞ்சிக்கணும். சியோல்ல 2016ல ஒரு காலேஜ் பையன் தாடை ஆபரேஷன் பண்ணிக்கப் போய் ரத்தம் நிக்காம போய், கொஞ்ச நாள் கழிச்சு இறந்துட்டான். அவன் அம்மா ஆபரேஷன் தியேட்டர் கேமரா பதிவ வாங்கி திரும்பத் திரும்ப பாத்து, பொறுப்பான டாக்டர் பாதியில விட்டுட்டு வேற ஆபரேஷனுக்கு போனத கண்டுபுடிச்சாங்க. அவங்க வருஷக்கணக்கா போராடுனதும் சேந்து தான் 2021ல அங்க ஆபரேஷன் தியேட்டர்ல கேமரா வைக்கணும்னு சட்டம் வந்துச்சு, 2023 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. உலகத்துலயே இந்த வேலைய அதிகமா பண்ற ஊருல ஒண்ணான அங்கயே இப்படி. நம்ம பக்கத்துல, வாணியம்பாடில ஒரு பல் கிளினிக்ல 2023ல சுத்தம் இல்லாத உபகரணத்தால கிருமி பரவி எட்டு பேர் செத்துப்போன விஷயம் 2025ல தான் ஆராய்ச்சிக் கட்டுரையா வெளிய வந்துச்சு, அதுல தாடைய வெட்டல, சாதாரண பல் வைத்தியம் தான். நான் பயமுறுத்தறதுக்காக சொல்லல. வாய் வழியா பண்ற எந்த வேலைக்கும் தியேட்டர் சுத்தம், மயக்க டாக்டர், ராத்திரி எதாவது ஆனா பாக்க ஐசியு, இதெல்லாம் இருக்கற எடமா இருக்கணும், பியூட்டி பார்லர் மாடில இருக்கற கிளினிக்ல இல்ல.

யார்கிட்ட போறது? பல் டாக்டர் படிப்பு முடிச்சு முகத்தாடை அறுவைல எம்டிஎஸ் படிச்சவங்க, இல்லன்னா பிளாஸ்டிக் சர்ஜரில எம்சிஹெச் படிச்சவங்க. காஸ்மெடாலஜிஸ்ட்னு ஒரு சர்ட்டிஃபிகேட் மாட்டி வச்சிருக்கறவங்க இத தொடக்கூடாது. செலவு லட்சத்துல, இன்ஷூரன்ஸ் தராது, அழகுக்காக பண்றத நம்ம நாட்டு பாலிசிங்க வெளிய தான் வைக்குது, விபத்து, தீக்காயம், கேன்சருக்கு அப்புறம் முகத்த சீரமைக்கறதுன்னா மட்டும் விதிவிலக்கு. மேல் தாடையும் கீழ் தாடையும் பொருந்தாம கடி சரியில்லாதவங்களுக்கு பண்ற தாடை ஆபரேஷன் வேற, அத இதோட கொழப்பிக்க வேணாம்.

அந்த டாக்டர் இன்னொண்ணும் கேட்டார், "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் இதயே கண்ணாடில பாக்கறீங்க, இதனால எங்கயாவது போகாம இருந்திருக்கீங்களா"ன்னு. முதல்ல எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா கேக்க வேண்டிய கேள்வி தான். முகத்துல இருக்கற சின்ன விஷயம் மனச முழுசா புடிச்சிட்டு வெளிய விடாத ஒரு நோய் இருக்கு, அது இருக்கறவங்களுக்கு எத்தன ஆபரேஷன் பண்ணாலும் பெரும்பாலும் திருப்தி வராது, அவங்களுக்கு வேண்டியது மனநல வைத்தியம், பெங்களூர் நிம்ஹான்ஸ்ல அதுக்கு நல்ல டாக்டருங்க இருக்காங்க. இந்த கேள்விய கேக்காம நேரா ரேட் சொல்ற டாக்டர்கிட்ட நீங்க உக்காரவே வேணாம், எழுந்து வந்துடுங்க. எனக்கு அந்த அளவுக்கு இல்லன்னு அவர் சொன்னார், வேலைக்கு போறேன், விசேஷத்துக்கு போறேன், சிரிக்கறேன்.

சிடி ஸ்கேன்ல வந்தது என்னன்னா, எலும்பு மூலை கொஞ்சம் வெளிய தள்ளித் தான் இருக்கு, அது அப்பா குடுத்தது, ஆனா அகலத்துல பெரிய பங்கு தசை தான். அதுக்கு தசைய தளர வைக்கற போடாக்ஸ் ஊசி போடலாம். போட்ட வாரத்துலயே தசை தளர ஆரம்பிச்சாலும் சைஸ் கொறையறது ரெண்டு மூணு மாசத்துல தான் தெரியும், நாலு ஆறு மாசத்துல மெல்ல பழையபடி வரும். ஆரம்பத்துல முறுக்கு, கரும்பு மாதிரி கெட்டியானது மெல்ல கஷ்டமா இருக்கும், தப்பான எடத்துல பட்டா சிரிப்பு கோணலாகலாம், கர்ப்பமா இருந்தா போடக்கூடாது. வருஷக்கணக்கா போட்டுட்டே இருந்தா தாடை எலும்பு மெலியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க, அதனால அவரே அளவா தான் சொன்னார். ஆனா புடிக்கலன்னா விட்டுடலாம், தசை திரும்ப வந்துடும், வெட்டுன எலும்பு வராது. எனக்கு இந்த வித்தியாசம் ஒண்ணே போதுமானதா இருக்கு.

அதனால நான் பண்ணப் போறது இது தான். நைட்ல பல்லுக்கு மாட்டிக்கற காப்பு உறைக்கு (நைட் கார்டு) அளவு குடுத்துட்டேன், அது முகத்த ஒல்லியாக்காது, பல்லு இன்னும் தேயாம காப்பாத்தும். மாங்கா சீசன் ஓஞ்சதும் ஒரு தடவ ஊசி போட்டு, தசை எறங்குன பிறகு எலும்பு எவ்ளோ மிச்சம் தெரியுதுன்னு அதே டாக்டர்கிட்ட அதே மாதிரி போட்டோ எடுத்து பாக்கப் போறேன். கன்னத்தெலும்பு பக்கம் போகவே மாட்டேன், அது எனக்கு முடிவான விஷயம். அப்பவும் அந்த மூலை உறுத்துச்சுன்னா, நரம்புக்கும் வெட்டற கோட்டுக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர் விடுவீங்கன்னு என் ஸ்கேன்லயே கோடு போட்டு காட்டற சர்ஜனா இருந்தா, மூலைய மட்டும், கொஞ்சமா எடுக்கறத பத்தி பேசுவேன். அம்மாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். "ஊசின்னா நான் கூட வரேன், எலும்புன்னா மொதல்ல உங்கப்பாகிட்ட நீயே பேசு"ன்னு சொல்லியிருக்காங்க. அப்பாகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை பேசணும்.